ஏசி போட்டா முன்சீட்டு காலடில தண்ணி நிக்குது: டிரெயின் பைப் எங்க இருக்கும், நாமளே க்ளீன் பண்ணலாமா?

வேளச்சேரி_தண்ணிலாரி:

வணக்கம் மக்களே. என்கிட்ட இருக்கறது 9 வருஷ பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக், கம்பெனி பேரு சொன்னா இங்க வேற சண்டை ஆரம்பிச்சிடும் அதனால சொல்லல. ஒரு மாசமாவே காலைல கதவத் தொறந்தா ஈர சாக்கு நாத்தம் வருது, சின்னவன் பால் ஏதாச்சும் கொட்டிருப்பான்னு நெனச்சு டேஷ்போர்டுல ஒரு பெர்ஃப்யூம் டப்பா வச்சு சமாளிச்சிட்டு இருந்தேன். போன ஞாயித்துக்கிழமை மாமியார முன்சீட்டுல உக்கார வச்சு திருப்போரூர் கோயிலுக்கு போயிட்டு ஓஎம்ஆர்ல திரும்பி வந்துட்டு இருந்தோம். சோழிங்கநல்லூர் தாண்டி ஒரு யூ டர்ன் போட்டேன் பாருங்க, டேஷ்போர்டுக்கு அடில இருந்து ஒரு சொம்பு தண்ணி அப்படியே அவங்க கால் மேல, ஜில்லுனு. "ஐயோ பாம்பு"ன்னு ரெண்டு காலயும் சீட்டு மேல தூக்கி வச்சிட்டாங்க. நான் சிரிச்சது தப்புதான், அதுக்கு வீட்ல தனி கச்சேரி நடந்துச்சு.

மேட்ட தூக்கி கார்பெட்ட அமுக்கினா ஸ்பாஞ்ச் மாதிரி தண்ணி வருது. லெஃப்ட் சைடு மட்டும்தான், என் பக்கம் காஞ்சுதான் கிடக்கு. ரெண்டு வாரமா இங்க ஒரு சொட்டு மழை இல்ல. ஏசி கூலிங் அட்டகாசம், ஒரு குறையும் இல்ல. ஏரியால ஒரு ஏசி கடைல காமிச்சேன், பானெட்ட கூட தொறக்கல, ரெண்டு நிமிஷம் உள்ள எட்டிப் பார்த்துட்டு "கூலிங் காயில் லீக்கு சார், டேஷ்போர்டு முழுசா எறக்கணும், காயில் மாத்தணும், 14,500 ஆகும், ரெண்டு நாள் வண்டிய விட்டுட்டு போங்க"ன்னாரு. காயில் லீக்குன்னா கேஸ் தான போகணும், தண்ணி எப்படி வரும்? மச்சான் சொல்றான் டிரெயின் பைப் அடைச்சிருக்கும்னு. டார்ச் வச்சு பானெட்டுக்குள்ள அரை மணி நேரம் தேடினேன், எனக்கு எல்லா ஹோஸும் ஒரே மாதிரிதான் தெரியுது. யாராச்சும் செஞ்சவங்க இருந்தா சொல்லுங்க.

ஸ்பேனர்_செட்டு:

வண்டிய விட்டுட்டு வராதீங்க ப்ரோ, முதல்ல சாவிய கைல வச்சுக்கோங்க.

உங்க சந்தேகம் கரெக்ட். காயில் ஓட்டையானா கேஸ் போய் கூலிங் படுத்துடும், தண்ணி வராது. காயில் உள்ள தண்ணியே கிடையாது, தண்ணி வெளிக்காத்துல இருந்து வருது. சென்னைல மே ஜூன்ல டியூ பாயிண்ட்டே 25 டிகிரி பக்கம் நிக்கும், அதாவது 25 டிகிரிக்கு கீழ இருக்கற எந்த சாமான் மேல இந்த காத்து பட்டாலும் வேர்த்துடும். உங்க காயில் இருக்கறது ஐஸ் கட்டாம இருக்கற அளவுக்கு, பூஜ்யத்துக்கு கொஞ்சம் மேல. ஜில்லு சொம்பு வெளிப்பக்கம் வேர்க்குதே அதே கதைதான், ஆனா இங்க புளோயர் வேற காத்த தள்ளிகிட்டே இருக்கு. வெளிக்காத்து உள்ள வர்ற மோடுல ஓட்டினீங்கன்னா ஒரு மணி நேரத்துல ஒரு லிட்டருக்கு மேலயே சேரும். அது எல்லாம் காயிலுக்கு கீழ இருக்கற பிளாஸ்டிக் தட்டுல விழுந்து ஒரு பைப் வழியா ரோட்டுக்கு போகணும். பைப் அடைச்சா தட்டு நெறையும், ரைட்ல வளைச்சு யூ டர்ன் போட்டா தண்ணி லெஃப்ட்ல சாயும், லெஃப்ட்ல மாமியார். இதுல காயில் என்ன பாவம் பண்ணுச்சு.

ரெண்டு டெஸ்ட் பண்ணுங்க. ஒண்ணு, வண்டிய நிழல்ல நிறுத்தி ஏசிய ஃபுல்லா போட்டு 15-20 நிமிஷம் விடுங்க, வெளியதான், மூடின ஷெட்டுல வேணாம். அப்புறம் குனிஞ்சு முன் டயருக்கு பின்னாடி கீழ சொட்டுதான்னு பாருங்க. இந்த ஊர் புழுக்கத்துல சொட்டலன்னா பைப் அடைப்புதான். ரெண்டு, கார்பெட் தண்ணிய விரல்ல தொட்டு தேச்சுப் பாருங்க. வெறும் தண்ணியா இருந்தா ஓகே. பிசுபிசுன்னு இருந்து ஒரு இனிப்பு வாடை அடிச்சா அது கூலன்ட், அதாவது எஞ்சின் சூட்ட எடுக்கற திரவம், டேஷ்போர்டுக்குள்ள அது ஓடுற ஹீட்டர் கோர் லீக், அது வேற வியாதி. நாக்குல வச்சு பார்க்கறேன்னு கிளம்பிடாதீங்க, கூலன்ட் விஷம்.

மூணாவதுமாடி:

14,500க்கு மாமியாருக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கி குடுத்துட்டு மீதி காசுல டூர் போகலாம் பாஸ் 😂

வேளச்சேரி_தண்ணிலாரி:

@மூணாவதுமாடி அவங்க இந்த மாதிரி சைட்டெல்லாம் படிக்க மாட்டாங்கன்ற தைரியத்துல சிரிக்கறேன்.

@ஸ்பேனர்_செட்டு ப்ரோ டெஸ்ட் பண்ணிட்டேன். 20 நிமிஷம் ஏசி ஓடுச்சு, கீழ ஒரு பொட்டு ஈரம் இல்ல. தண்ணி வெறும் தண்ணிதான், கூலன்ட் டேங்க்லயும் லெவல் அப்படியே இருக்கு. இதுல செம மேட்டர் என்னன்னா நான் குனிஞ்சு பார்க்கறத பார்த்துட்டு எங்க வாட்ச்மேன் அண்ணன் வந்தாரு, "என்ன சார் தேடுறீங்க"ன்னாரு, சொன்னேன். "முன்னெல்லாம் நீங்க ஆபீஸ்ல இருந்து வந்து நிறுத்தினா அடில ஒரு குளம் நிக்கும் சார், அந்த செவல நாய் வந்து நக்கிட்டு அங்கயே படுத்துக்கும், ரெண்டு மாசமா அது பக்கத்து வண்டிக்கு போயிடுச்சு"ன்னாரு. ரெண்டு மாசம்! எனக்கு முன்னாடி நாய்க்கு தெரிஞ்சிருக்கு.

சரி, பைப் எங்க இருக்கு?

பழைய_டைனமோ:

தம்பி, நான் தொழில்ல இருந்து ஓய்வு வாங்கி ஆறு வருஷம் ஆச்சு, இருந்தாலும் சொல்றேன். பானெட்டுக்குள்ள மேல இருந்து பார்த்தா பாதி வண்டில தெரியாது, அதான் உனக்கு கிடைக்கல. எஞ்சினுக்கும் ஆள் உக்கார்ற இடத்துக்கும் நடுவுல ஒரு தகரச் சுவர் இருக்கு இல்ல, ஃபயர்வால்னு சொல்லுவோம். அதுல லெஃப்ட் பக்கம் ரெண்டு அலுமினியம் ஏசி பைப் உள்ள போகும், ஒண்ணு தடிமன் ஒண்ணு ஒல்லி. அதுக்கு நேர் கீழ, இல்ல கொஞ்சம் தள்ளி, சுவரோட கீழ்ப்பாகத்துல கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு கறுப்பு ரப்பர் நீட்டிகிட்டு கீழ வளைஞ்சு நிக்கும், குட்டியானை தும்பிக்கை மாதிரி. பக்கத்துலயே ஹீட்டருக்கு போற ரெண்டு தடி ரப்பர் ஹோஸ் இருக்கும், கொழப்பிக்காத, அதுல சுடு கூலன்ட் ஓடுது. அடையாளம் ஒண்ணுதான்: மத்த ஹோஸ் எல்லாம் எங்கயோ போய் ஒரு இடத்துல மாட்டியிருக்கும், இது மட்டும் அந்தரத்துல முடிஞ்சிடும். எங்கயும் போகாத பைப்புதான் உன் பைப்பு.

சில வண்டில இது நடுவுல, கியர் இருக்கற மேட்டுக்கு பக்கத்துல தரைய துளைச்சு கீழ எறங்கும். அப்போ உள்ள இருந்து தேடணும், குளவ் பாக்ஸுக்கு கீழ கியர் பக்கமா கார்பெட் ஓரத்த விலக்கினா பிளாஸ்டிக் பெட்டில இருந்து எறங்கற பைப் தெரியும்.

இன்னொண்ணு, அந்த ரப்பர் இருக்கான்னு பாரு. கழண்டு விழுந்திருந்தா தண்ணி சுவரு வழியா வழிஞ்சு பின்னாடி உள்ளயே போய் கார்பெட்ட நனைக்கும், அடைப்பே இல்லாம அதே வியாதி காட்டும்.

அடில போறதா இருந்தா எஞ்சின் நல்லா ஆறட்டும், சைலன்சர் குழாய் அங்கதான் போகுது, கைய சுட்டுக்குவ. ஸ்டெப்னி மாத்துற ஜாக்கிய மட்டும் நம்பி தலைய உள்ள விடாத. ஹாலோ பிளாக்கு, செங்கல்லு மேல வண்டிய நிறுத்துறவன நான் நெறைய பார்த்திருக்கேன், பொடிப்பொடியா போயிடும் அது. ஜாக் ஸ்டாண்ட் இல்லன்னா பஞ்சர் கடைல பிட்டு, அதான் வண்டிக்கு அடில நின்னு வேலை பார்க்கற குழி, இருந்தா கேட்டுப் பாரு, டீக்காசு குடுத்தா விடுவான்.

ஓஎம்ஆர்_டிராஃபிக்:

இதுக்கு ஏன் இவ்ளோ வேலை, பஞ்சர் கடைக்கு போறீங்க இல்ல, அங்கயே கீழ இருந்து பைப்புக்குள்ள ஒரு காத்து அடிங்க, ஒரு செகண்ட், முடிஞ்சது. நான் மூணு தடவ பண்ணிருக்கேன்.

ஸ்பேனர்_செட்டு:

@ஓஎம்ஆர்_டிராஃபிக் மூணு தடவ பண்ண வேண்டி வந்திருக்கே, அதுல இருந்தே தெரியல? காத்து அடிச்சா அடைப்பு வெளிய வரல, திரும்ப தட்டுக்கு போய் உக்காந்துக்குது, கொஞ்ச நாள்ல மறுபடி எறங்குது. அது கூட பரவால்ல. கடை கம்ப்ரஸர் 100 பிஎஸ்ஐக்கு மேல நிக்கும், என் ஃப்ரெண்டு வண்டில அப்படி அடிச்சு உள்ள பைப் ஜாயின்ட்டே புடுங்கிக்கிச்சு, சேறு முழுக்க காயில் மேல தெறிச்சு, அதுக்கப்புறம் ஏசி போட்டா வென்ட்ல இருந்து கருப்பு துணுக்கு பறந்து வெள்ளைச் சட்டைல விழுந்துச்சு. கடைசில அவன் நெஜமாவே டேஷ்போர்ட எறக்கினான்.

ஊதக் கூடாது, உறிஞ்சணும். தண்ணியும் இழுக்கற வேக்யூம் கிளீனர் இருந்தா பைப் வாய்ல வச்சு ஈரத்துணிய சுத்தி கேப்ப மூடி ஒரு நிமிஷம் ஓட்டுங்க, வந்துடும். வீட்டுல தூசி மட்டும் எடுக்கற மெஷின்ல இத ட்ரை பண்ணாதீங்க, மோட்டார் போயிடும். அது இல்லன்னா தடிமனான நைலான் கேபிள் டை, தலைய வெட்டிட்டு நுனிய மழுக்கி மெதுவா விட்டு முறுக்கி முறுக்கி இழுங்க. கம்பி, பைக் ஸ்போக்ஸ், ஸ்க்ரூ டிரைவர் எதுவும் வேணாம். அலுமினியம் காயில் ரொம்ப மெலிசு, ஒரு குத்து குத்தினா அந்த கடைக்காரர் சொன்னது நெஜமாயிடும், 14,500ம் நெஜமாயிடும்.

ஓஎம்ஆர்_டிராஃபிக்:

சரி சரி. நான் லேசாதான் அடிச்சேன். பாவம் அந்த வெள்ளைச் சட்டை.

வேளச்சேரி_தண்ணிலாரி:

அப்டேட். கெடைச்சிடுச்சு!!

சனிக்கிழமை காலைல ஆறு மணிக்கே எறங்கிட்டேன், வெயிலுக்கு முன்னாடி முடிச்சிடலாம்னு. மச்சான் ரெண்டு ஜாக் ஸ்டாண்ட் கடன் வாங்கிட்டு வந்தான், ஹேண்ட் பிரேக், ஃபர்ஸ்ட் கியர், பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வச்சு முன்னாடி தூக்கினோம். டைனமோ சார் சொன்ன தும்பிக்கை நேரா கண்ணு முன்னாடி தொங்குது, பானெட்டுக்கு மேல இருந்து தேடினா எப்படி தெரியும். வாய சுத்தி காஞ்ச மண்ணு, நான் ரோட்டு சேறுன்னு நெனச்சேன், சுரண்டினா வட்ட வட்டமா அறை இருக்கு. குளவிக் கூடு! குளவி போயிடுச்சு, வீடு மட்டும் இருக்கு.

அத எடுத்ததும் சொட்டு சொட்டா வந்துச்சே தவிர ஓடல. அப்புறம் கேபிள் டை விட்டேன், ஒரு அரை ஜான் போனதும் மெத்துனு தட்டுச்சு, அதுக்கு மேல அழுத்தாம முறுக்கி இழுத்தேன், கருப்பா வழவழன்னு ஜெல்லி மாதிரி ஒண்ணு எட்டிப் பார்த்துச்சு. ரெண்டாவது தடவ இழுத்தேன். யாரும் எனக்கு சொல்லாத ஒரு விஷயம் சொல்றேன், வாய மூடிட்டு இழுங்க. மொத்த தட்டுத் தண்ணியும் மூஞ்சில. மச்சான் அடியில வச்ச ஒரு லிட்டர் பாட்டில் முக்கால்வாசி நெறஞ்சுது, என் மேல கொட்டினது கணக்குல இல்ல. அந்த ஜெல்லிய தண்ணில அலசிப் பார்த்தா அதுல முக்கால்வாசி வேப்பம்பூ. வேப்பம்பூ ரசத்துக்கு சேர்த்து வச்ச மாதிரி அவ்ளோ. எங்க பார்க்கிங்குக்கு மேல பெரிய வேப்பமரம் இருக்கு, பங்குனி சித்திரைல கார் மேல கம்பளம் விரிச்ச மாதிரி கொட்டும், ஆனா அது எப்படி ஏசிக்குள்ள போச்சுன்னுதான் புரியல.

இப்போ ஏசி போட்டு பத்து நிமிஷத்துல கீழ நல்லா சொட்டுது. வீட்ல எல்லாரையும் கூப்பிட்டு காமிச்சேன், யாரும் மதிக்கல.

பழைய_டைனமோ:

சந்தோஷம் தம்பி. வேப்பம்பூ போன வழி இதுதான்: வைப்பருக்கு கீழ ஒரு கறுப்பு ஜல்லடை இருக்கு பாரு, வெளிக்காத்து அது வழியாதான் புளோயருக்கு போகுது. குளவ் பாக்ஸ கழட்டி அதுக்குப் பின்னாடி கேபின் ஃபில்டர் இருக்கான்னு பாரு. பழைய சின்ன வண்டி நெறையத்துல ஃபில்டர் வைக்கற இடம் இருக்கும், ஃபில்டர் இருக்காது, இல்ல சர்வீஸ்ல எடுத்தவன் திரும்பப் போட்டிருக்க மாட்டான். ஃபில்டர் இல்லன்னா பூ, தூசி, முடி எல்லாம் நேரா ஈரக் காயில்ல போய் ஒட்டும். ராயப்பேட்டை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல போய் வண்டி மாடல் சொன்னா ஃபில்டர் எடுத்துக் குடுப்பாங்க.

வேளச்சேரிங்கற, 2023 டிசம்பர்ல மிச்சாங் புயல் அப்போ இந்த வண்டி தண்ணில நின்னுச்சா? நின்னிருந்தா வெள்ளச் சேறு கீழ இருந்து அதே பைப் வழியா மேல ஏறிருக்கும். அப்படி நின்ன வண்டில தட்டுக்குள்ள களிமண் படிஞ்சு கிடக்கும், ஒரு தடவ க்ளீன் பண்ணா போதாது, கொஞ்ச நாள் கவனிச்சுகிட்டே இரு.

வேளச்சேரி_தண்ணிலாரி:

சார் முதல் நாளே மேம்பாலத்து மேல கொண்டு போய் விட்டுட்டேன், ஊரே அங்கதான் நிறுத்திருந்துச்சு. ஃபில்டர் பார்த்தேன், நீங்க சொன்ன மாதிரியேதான், காலி பெட்டி. எத்தன சர்வீஸ்ல ஃபில்டர் க்ளீனிங்னு பில் போட்டிருக்காங்கன்னு இப்போதான் எடுத்து வச்சு எண்ணிட்டு இருக்கேன்.

கேள்வி: தண்ணி நின்னுடுச்சு, ஆனா நாத்தம் போகல. மேட்ட வெயில்ல போட்டு காய வச்சிட்டேன், கார்பெட் மேல தொட்டா காஞ்சுதான் இருக்கு.

அடையாறு_அம்மணி:

மேல காஞ்சிருக்கும், கீழ காயாது. கார்பெட்டுக்கு அடில ரெண்டு விரக்கடை தடிமனுக்கு ஒரு பஞ்சு லேயர் இருக்கு, தண்ணி மொத்தமும் அதுலதான் நிக்கும். நான் அத தெரியாம மேல மட்டும் ஹேர் ட்ரையர் போட்டுட்டு விட்டேன், ஒரு மாசம் கழிச்சு பூஞ்சை, காலைல கண்ணாடி உள்பக்கம் முழுக்க பனி, பொண்ணுக்கு தும்மல். கதவு ஓரத்துல காலடில இருக்கற பிளாஸ்டிக் பட்டைய மேல தூக்குங்க, க்ளிப்தான், வந்துடும். கார்பெட் ஓரத்த தூக்கி கைய விட்டுப் பாருங்க, பிழிஞ்சா வரும். பழைய டவல வச்சு மிதிச்சு மிதிச்சு எடுத்துட்டு, கார்பெட்டுக்கும் தரைக்கும் நடுவுல ஒரு மரக்கட்டைய சொருகி காத்து போற மாதிரி வச்சு, டேபிள் ஃபேன் ஒண்ண கதவுகிட்ட வச்சு விடுங்க. எனக்கு மூணு நாள் ஆச்சு, அதுவும் கத்திரி வெயில்ல. சீட்டுக்கு அடில மஞ்சள் கலர் கனெக்டர் இருந்தா தொடாதீங்க, அது ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது. தரைத் தகரத்துல துரு புடிச்சிருக்கான்னும் அப்படியே பார்த்துக்கோங்க, கடல் பக்கம் இருக்கறவங்களுக்கு அது சீக்கிரம் வரும்.

இன்னொரு விஷயம், இத படிக்கற மத்தவங்களுக்கு. எனக்கு வந்தது டிரெயின் பைப் பிரச்சனையே இல்ல. மழை பெஞ்ச மறுநாள் மட்டும்தான் ஈரமாகும், வெயில் காலத்துல நாள் பூரா ஏசி ஓட்டினாலும் ஒண்ணும் ஆகாது, அடில ஒழுங்கா சொட்டவும் செய்யும். பார்த்தா அந்த வைப்பர் ஜல்லடைக்கு கீழ மழைத்தண்ணி போற ஓட்டை ரெண்டும் தூங்குமூஞ்சி மரத்து இலை விழுந்து அடைச்சு, தண்ணி ரொம்பி புளோயர் வழியா உள்ள வந்துட்டு இருந்துச்சு. அதனால ஈரம் எப்போ வருதுன்னு முதல்ல பாருங்க, ஏசி போட்டாலா, மழை பெஞ்சாலா. நான் பாக்காம ஏசி பைப்ப ரெண்டு தடவ க்ளீன் பண்ண காசு குடுத்தேன்.

மூணாவதுமாடி:

சீரியஸா ஒரு டவுட். எனக்கும் காலடில தண்ணி வருது ஆனா கீழயும் நல்லா சொட்டுது. லாங் போனா ஒரு மணி நேரத்துல காத்து கம்மியாயிடுது, ஏசிய ஆஃப் பண்ணி கொஞ்ச நேரம் விட்டா மறுபடி வருது.

ஸ்பேனர்_செட்டு:

@மூணாவதுமாடி உங்களுக்கு காயில் ஐஸ் கட்டுது. கேஸ் கம்மியா இருக்கலாம், காயில் டெம்பரேச்சர் பார்க்கற சென்சார் போயிருக்கலாம், காயில் அழுக்காலயோ ஃபில்டர் அடைப்பாலயோ காத்து போகாமலும் இருக்கலாம். ஐஸ் வழிய மூடறதாலதான் காத்து குறையுது, ஆஃப் பண்ணா மொத்தமா உருகி ஒரே நேரத்துல எறங்குது, பைப் தாங்காம தட்டு வழியுது. ஃபில்டர நீங்களே பாருங்க, மீதிக்கு கேஜ் வச்சு பிரஷர் பார்க்கற ஆள்கிட்ட போங்க. இது கேபிள் டை கேஸ் இல்ல. பூட்ஸ் வாங்கிக்கலாம் 😀

@வேளச்சேரி நாத்தத்துக்கு கார்பெட் காஞ்சப்புறம், ஏசி காயிலுக்குன்னே விக்கற ஃபோம் ஸ்ப்ரே ஒண்ணு ஃபில்டர் பெட்டி வழியா அடிச்சு, டப்பால போட்ட நேரம் விட்டுட்டு ஏசி போடுங்க, அழுக்கோட கீழ எறங்கும். பினாயில், ப்ளீச், டைல்ஸ் கழுவற ஆசிட் எதையும் ஊத்தாதீங்க, ப்ளீச்சும் ஆசிட்டும் அலுமினியத்த தின்னுடும். தெனமும் வீட்டுக்கு வர்றதுக்கு ரெண்டு மூணு நிமிஷம் முன்னாடி ஏசிய ஆஃப் பண்ணிட்டு ஃபேன மட்டும் ஓட விடுங்க, காயில் காயும்.

வேளச்சேரி_தண்ணிலாரி:

எல்லாருக்கும் நன்றி. கார்பெட்ட தூக்கினேன், அம்மணி சொன்ன மாதிரியே பஞ்சு முழுக்க ஈரம், ஒரு பக்கெட்ல கால்வாசி பிழிஞ்சேன், கூடவே ரெண்டு வருஷம் முன்னாடி தொலைஞ்ச வீட்டு சாவியும் கிடைச்சுது. இப்போ ஃபேன் ஓடிட்டு இருக்கு. குளவி மறுபடி வராம இருக்க பைப் வாய்ல கொசுவலைத் துண்டு ஒண்ணு கட்டிடலாமான்னு மச்சான் கேக்குறான். மாமியார் நேத்து பின்சீட்டுலதான் உக்காந்தாங்க, செருப்ப கைல வச்சுகிட்டு.

பழைய_டைனமோ:

வலை கட்டாத தம்பி. உள்ள இருந்து வர்ற வழவழப்பு அந்த வலையிலயே பிடிச்சு ஒரே மாசத்துல அடைச்சிடும். ஆயில் மாத்த விடும்போது அந்த தும்பிக்கை வாய ஒரு தடவ விரலால அமுக்கி விடச் சொல்லு, இல்ல நீயே அமுக்கு.